பட்டன் வண்டியைக் குட்டையாக்கிய கதை

சீட்டின் அடியில் அடித்திருந்த பின்களைப் பட்டன் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் தட்டை முனை ஸ்குரூ டிரைவர், இடது கையில் சின்னக் குறடு. நெம்புவாள், குறடால் கவ்வி இழுப்பாள், மேசையோரம் இருந்த தகர மூடியில் போடுவாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மூடி பாதி நிறைந்திருந்தது.

அது மோட்டார் சைக்கிள் சீட்டு. நெடும்பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டியுடையது. கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம், அத்தனை நீளம். வழக்கமாகப் பேன்ட்டும் சட்டையும் கிடக்கும் வெட்டு மேசையில் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"எத்தன பின்னு?" என்று கேட்டேன்.

"எழுபத்திரெண்டு வரைக்கும் எண்ணினேன் சிஸ்டர். அப்புறம் விட்டுட்டேன். எண்ணினா மட்டும் கொறையவா போகுது."

தலையை நிமிர்த்தவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

இவளுக்குத் தொழில் துணியைக் குறைப்பது. புதிதாகத் தைக்கத் தெருவில் இரண்டு கடைகள் இருக்கின்றன. வாங்கிய துணி உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் எல்லாரும் வருவது இவளிடம்தான். பேன்ட் கால் குறைக்க, இடுப்புப் பிடிக்க, தோள்பட்டையை உள்ளே தள்ள. இருபத்தாறு வருஷமாக வீட்டின் முன்னறையில் இதே வேலை. அவளுடைய உயரம் நான்கடி பதினொரு அங்குலம். புருஷனோ ஆறடி ஒன்று. கல்யாணமான புதிதில் அவருடைய நண்பர்கள், "இவர் சட்டையில தைச்ச பட்டன் மாதிரி நிக்கிறாங்க" என்று சொல்லப்போக, பட்டன் என்பதே நிலைத்துவிட்டது. சொந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

புருஷனுக்கு வண்டிக்காரர் என்று பெயர். பிழைப்புக்கு லிப்ட் பழுது பார்த்தார். மனசு முழுவதும் வண்டி. விடுமுறை வந்தால் பெட்டிகளை மாட்டிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார். பட்டன் மூன்று தடவை கூடப் போயிருக்கிறாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "என்னத்தப் பாத்தேன்? இவரு முதுகப் பாத்தேன். நல்லா அகலமா இருந்துச்சு" என்றாள்.

மூன்று வருஷமாக அந்த முதுகு இளைத்துக்கொண்டே வருகிறது. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயாலிசிஸுக்குப் போக வேண்டும். மையம் முப்பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் படுக்கையில் படுத்தாக வேண்டும். தாமதமானால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க, கால் வீக்கத்தை அமுக்கிப் பார்க்க, வீடுகளுக்குப் போகும் நர்ஸான நான் காலையில் போய்வருவேன்.

இரண்டு வாரம் முன்புவரை ஒரு வேன் வந்தது. மூன்று நோயாளிகள் சேர்ந்து வைத்த வேன். ஒருவருக்கு அவர் தங்கை சிறுநீரகம் கொடுத்துவிட்டாள். இன்னொருவர் இறந்துவிட்டார். மிச்சம் இருந்தது வண்டிக்காரர் மட்டும். ஒரு ஆளுக்காக வேன் வராது. பேருந்தில் போனால் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவன் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பான். முதல் நாளே நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். வாடகைக் கார் ஒரு நாள் வரும், மறுநாள் வருகிறேன் என்று சொல்லும், அவ்வளவுதான். நானே ஓட்டுகிறேன் என்று ஒரு தடவை பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போய், திரும்பும் வழியில் சிக்னலில் நிற்கும்போது கால் மடங்கிச் சாய்ந்தார். நல்லவேளை, பின்னால் லாரி இல்லை.

போன சனிக்கிழமை கார் வரவில்லை. ஞாயிறு மதியம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அங்கே இருந்த நர்ஸம்மா என்னைப் போலவே சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "இன்னொரு தடவ தவறுச்சுன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். வார்டுலயே வச்சுக்குவோம். அதுவும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாத்தான்" என்றாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் பட்டன் பெரிய வண்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை உருவினாள். பக்கத்தில் போய் நின்றாள். சீட்டு அவள் இடுப்புக்கு மேல் இருந்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தாள். பிறகு தன் கால் உட்பக்கத்தை அளந்தாள். கியர் வண்டி அவளுக்குத் தெரியும், லைசென்ஸும் உண்டு. உயரம்தான் இல்லை.

அதனால்தான் திங்கட்கிழமை காலையில் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "சிஸ்டர், அவகிட்ட சொல்லுங்க. விக்கணும்னா வித்துடச் சொல்லுங்க. வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"வித்துட்டா நீங்க எதுல போவீங்க?" என்றாள் பட்டன், பின்னை இழுத்தபடி.

"பஸ்ல போறேன்."

"போனீங்களே. நிறுத்தத்துல படுத்துத் தூங்கினீங்களே."

"நான் பின்னாடி உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னா சரி. சண்ட போட எனக்குத் தெம்பில்லங்க. சாயங்காலமா போட்டுக்கலாம்."

உறையை உரித்தாள். உள்ளே இருந்த பஞ்சுமெத்தையில் பதினான்கு வருஷம் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். நடுவில் ஒன்றரை அங்குலம் இறக்கம், இரண்டு பக்கமும் தொடை இறங்குகிற இடத்தில் சரிவு. ரொட்டி வெட்டும் நீளக் கத்தியால் அறுத்தாள். பின்சீட்டைத் தொடவில்லை. அவரால் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற இடம் அதுதான், கூடவே முதுகுக்குச் சாய்மானமும் இருக்கிறது. உறையைக் குறைத்து, திரும்பத் தைத்து, திரும்பப் பின் அடித்தாள். நடுநடுவே இரண்டு பேர் பேன்ட் கேட்டு வந்தார்கள். நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஒரு சரக்கு வண்டியை இரவல் வாங்கி வந்து வண்டிக்காரரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். அந்த ஒரு தடவைக்குத்தான் கிடைத்தது. இந்த மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் என்பார்கள். வண்டிக்காரரோடு ஊர் ஊராகச் சுற்றியவன். வாய் ஓயாது, கையும் ஓயாது.

புதன்கிழமை காலை அவனுடைய பட்டறையில் வேலை நடந்தது. கூரை உத்தரத்திலிருந்து பட்டைக் கயிறு கட்டி வண்டியைத் தூக்கி வைத்திருந்தான். பட்டன் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எடை எவ்வளவு என்று ஸ்பேனருக்குச் சொல்ல வேண்டுமாம், பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு.

"போகும்போது எழுபத்தஞ்சு, வரும்போது எழுபத்திரெண்டு" என்றேன்.

"அண்ணன் மூணு கிலோவ ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வர்றாரா? எனக்கும் ஒரு படுக்க போடச் சொல்லுங்க சிஸ்டர், இந்த வயித்தக் கொறைக்கணும்."

பின்சக்கரத்தைத் தாங்கும் இணைப்புத் தகடுகளை எடுத்துவிட்டு, நீளமான வேறு தகடுகளைப் போட்டான். அதனால் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம், இரண்டு குழாய்களையும் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே ஏற்றி இறுக்கினான். பட்டன் டேப்போடு பக்கத்திலேயே நின்றாள்.

"பின்பக்கம் ரெண்டு இன்ச் எறக்கிட்டீங்க. முன்பக்கம் ஒன்னேமுக்கால்தான் இருக்கு."

"கால் இன்ச்சு அண்ணி. ஒன்னும் ஆகாது."

"ஒரு கால் ஏறி ஒரு கால் எறங்கி இருந்தா எவன் போடுவான்? ரெண்டு காலையும் ஒரே அளவு கொறைங்க."

"அண்ணி, இது பேன்ட் இல்ல."

"பேன்ட்ட விட இது மேல். அளவெடுக்கும்போது வயித்த உள்ள இழுத்துக்காது."

ஸ்பேனர் சிரித்துக்கொண்டே கால் அங்குலம் சரிசெய்தான். கயிற்றை அவிழ்த்து வண்டியை இறக்கினான். பட்டன் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு முன்பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. குதிகால் மட்டும் ஒரு விரல் உயரத்தில் நின்றது. தடித்த அடியுள்ள செருப்புப் போட்டால் அதுவும் சரியாகிவிடும் என்றேன். முதலில் தனியாக ஓட்டினாள். அப்புறம் ஸ்பேனரைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். நின்று கிளம்பி, நின்று கிளம்பி, பட்டறைத் தெருவில் பதினைந்து தடவை. வண்டி ஆடவில்லை. இறங்கும்போது ஸ்பேனருக்கு வியர்த்திருந்தது.

"கண்ண மூடிக்கிட்டீங்களா?" என்றாள்.

"சாமி கும்பிட்டேன் அண்ணி."

வண்டியைச் சாய்த்து நிறுத்தும் பக்கக் கம்பியைத் தட்டிவிட்டு இறங்கினாள். பட்டறைத் தரை இடப்பக்கம் சரிந்து இருக்கும், வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக. அதில் வண்டி நன்றாகச் சாய்ந்து நின்றது. ஸ்பேனர் பார்த்தான், பட்டன் பார்த்தாள், நானும் பார்த்தேன். மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாலை நான்கு மணிக்கு வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். அங்கே சிமெண்டுத் தரை, மட்டம். வண்டி கொஞ்சம் நிமிர்ந்தாற்போல நின்றது. அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மறுநாளைக்கு வேண்டியதை அடுக்க ஆரம்பித்தாள். டயாலிசிஸ் படுக்கையில் குளிரும், அதனால் தடித்த போர்வை. தலையணை. மாற்றுச் சட்டை. இரண்டு கிலோ இருக்கும் மருத்துவக் காகிதக் கட்டு. எல்லாவற்றையும் வலப்பக்கப் பெட்டிக்குள் திணித்து, மூடி பொருந்தாமல் கையால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

வண்டி அந்தப் பக்கமாகவே சாய்ந்து விழுந்துவிட்டது. இருநூற்று நாற்பது கிலோ. பட்டன் ஒதுங்கிக்கொண்டாள். கால் மாட்டியிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

உள்ளே அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். பெட்டி மூலை நசுங்கியிருந்தது. வலக்கைப் பிடியில் முன்பிரேக் நெம்புகோல் பாதியாக முறிந்து கிடந்தது. பட்டன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அழவில்லை. முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதான் சிஸ்டர்" என்றாள். "எனக்கு முடியல. காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். மனுஷனத் தூக்கு, துணியத் தை, வண்டியத் தூக்கு. எதையாவது ஒன்னக் கீழ போட்டுத்தானே ஆகணும். இதப் போட்டுட்டேன்."

ஸ்பேனருக்குப் போன் போட்டேன். பழுதான வண்டி ஒன்றை எடுத்துவர வெளியூர் போய்க்கொண்டிருந்தான். இந்த வண்டிக்கு நெம்புகோல் கடையில் கிடைக்காது, வரவழைக்க நான்கு நாள் ஆகும் என்றான். பட்டன் காதில் விழுந்தது. அவள் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வியாழக்கிழமை.

வண்டிக்காரர் நிலைப்படியில் வந்து நின்றார். மூன்று நாளாக வண்டி இருக்கும் பக்கம் திரும்பாதவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டியின் பக்கக் கம்பியைப் பார்த்தார்.

"ஸ்டாண்ட யாரும் கொறைக்கலையா?"

நானும் பட்டனும் அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்த்தோம்.

"வண்டிய ரெண்டு இன்ச் எறக்கிட்டு ஸ்டாண்ட அப்படியே விட்டா? அது சாயவே சாயாதுடி, நெட்டுக்குத்தா நிக்கும். எறும்பு மோதினாக்கூட மறுபக்கம் போயிரும்."

பட்டன் நிமிர்ந்தாள். "மூணு காலு" என்றாள். "இருபத்தாறு வருஷமா ரெண்டு காலத்தான் கொறைக்கிறேன். மூணாவது ஒன்னு இருக்கும்னு தோணல."

"அந்த ஸ்பேனர் பயலுக்குமா தோணல?"

"அவரு பட்டறைத் தரை சரிவு. அதுல நல்லாச் சாஞ்சுதான் நின்னுச்சு."

அவர் வாய் கோணியது. சிரிப்பா, வலியா, தெரியவில்லை. இறங்கி வரப் பார்த்தார், நான் தடுத்தேன். அவருடைய இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கினால் எல்லாம் போச்சு.

"சரி, நான் தொடல. ஏய், குனிஞ்சு தூக்காத. திரும்பு. முதுக வண்டிப் பக்கம் வை. பின்பக்கத்த சீட்டுல முட்டுக் குடு. ஒரு கை பிடியில, ஒரு கை பின்கம்பியில. கைய நீட்டியே வை. இழுக்காத. கால ஊனிப் பின்னாலயே நட."

எங்களுக்குப் படுத்த நோயாளியைத் தூக்கக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். முதுகு நேராக இருக்க வேண்டும், பாரம் தொடையில் விழ வேண்டும். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கு அப்போது ஒரு வாத்தியார் போதும். பட்டன் செருப்பைக் கழற்றி எறிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஒரு அடி, இரண்டு அடி. வண்டி எழுந்து நின்றது. அவள் தாங்கிக்கொள்ள, நானும் கைகொடுக்க, உருட்டிச் சுவரில் சாய்த்தோம்.

"குட்டையா இருந்தா ஒரு வசதி" என்றார் அவர். "தரைக்குப் பக்கத்துல இருக்க."

"வாய மூடுங்க."

அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் ஏதோ இழுபடும் சத்தம். திரும்பும்போது வலது கையில் சுருட்டிய ரெக்சின் பை. நெடும்பயணம் போகும்போது கொண்டுபோகிற சாமான் பை. அவிழ்த்தார். பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கம்பிச் சுருள், பல்புகள். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பிரேக் நெம்புகோல், ஒரு கிளட்ச் நெம்புகோல். நடுக்காட்டில் விழுந்தால் முதலில் ஒடிவது அதுதானாம். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் தேவைப்படவில்லை.

பட்டன் தையல் மிஷின் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். திருகுகளை அவர் வலது கையால் சுற்ற, எதிர்ப்பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். இடையில் இரண்டு முறை மூச்சு வாங்க நிறுத்தினார். புது நெம்புகோலை மாட்டியதும், "கையக் காட்டு" என்றார்.

அவள் காட்டினாள். அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவி, கட்டைவிரல் கவட்டிலிருந்து நடுவிரல் முதல் கணுவரை அளந்தார்.

"எல்லாருக்கும் நான் எடுப்பேன். எனக்கு யாரும் எடுத்ததில்ல" என்றாள்.

"ஆடாம இரு. நாலுல வச்சிருந்தேன், உனக்கு ஒன்னுல வைக்கணும்." நெம்புகோலில் இருந்த எண் போட்ட சிறிய சக்கரத்தைத் திருகி, அதைப் பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவள் விரல் இப்போது எட்டியது. கிளட்ச்சுக்கும் அதையே செய்தார்.

அப்புறம் ஸ்டாண்ட். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எப்படித் தெரிவது? வெட்டு மேசைக்கு அண்டை கொடுத்திருந்த ஒட்டுப்பலகைத் துண்டுகளை எடுத்துவரச் சொன்னார். இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் பலகையை வைத்து, ஸ்டாண்டைத் தரையிலேயே விட்டோம். ஒரு பலகை போட்டதும் வண்டி கொஞ்சம் சாய்ந்தது. இன்னொன்று போட்டதும் பழைய மாதிரி நன்றாகச் சாய்ந்து நின்றது. பட்டன் இரண்டு பலகையின் கனத்தையும் சேர்த்து அளந்தாள். ஒன்றேகால் அங்குலம். சாக்குக்கட்டியை எடுத்து ஸ்டாண்டில் கோடு போட்டாள். பழக்க தோஷத்தில், கீழே மடிப்புக்கு அரை அங்குலம் விட்டு இன்னொரு கோடும் போட்டாள்.

"அது எதுக்கு?" என்றார்.

பார்த்தாள். அழித்தாள்.

நான் கிளம்பும்போது, நாளைக்குப் பின்னால் உட்காருவாரா என்று அவரைக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். பட்டனும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஸ்பேனர் அறுக்கும் மிஷினும் வெல்டிங் மிஷினுமாக வந்து நின்றான். கோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "எத்தன வருஷமா வண்டி பாக்குறேன். எல்லாம் அந்தத் தரை பண்ணின வேலை."

"பழியத் தரை மேல போடாத. வெட்டு" என்றார் வண்டிக்காரர் ஜன்னல் வழியாக.

ஸ்டாண்டைக் கோட்டில் அறுத்து, அடித்தகட்டைத் திரும்ப ஒட்டி, தண்ணீர் ஊற்றி ஆற்றினான். வண்டி மட்டமான சிமெண்டுத் தரையில் சாய்ந்து நின்றது. பட்டன் வலப்பக்கப் பெட்டியைக் கையால் அமுக்கினாள். பிறகு முட்டியால் இடித்தாள். அசையவில்லை.

நான் அவர் எடையைப் பார்த்தேன். எழுபத்து நான்கு கிலோ எண்ணூறு. கால் வீக்கம் கணுக்காலோடு நின்றிருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், பயணத்துக்குப் பாதகமில்லை. சட்டையின் இடது கையை மடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன்.

பட்டன் முதலில் ஏறினாள். தடித்த அடியுள்ள செருப்பு. வண்டியை நிமிர்த்தினாள். இரண்டு காலையும் அகலமாக ஊன்றினாள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே, "ம்" என்றாள்.

அவர் வண்டியைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஸ்பேனர் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். அவர் வலது கையை அவள் தோளில் வைத்தார். கால்மிதியில் ஏறி, மறுகாலைத் தூக்கிப் போட்டு, மெதுவாக உட்கார்ந்தார். பின்பக்கம் இறங்கியது, அவள் குதிகாலும் தரையைத் தொட்டது.

"மாட்டேன்னீங்க?" என்றாள்.

"உக்காந்துட்டேன், ஓட்டு. உன் தலைக்கு மேல எனக்கு ரோடு நல்லாத் தெரியுது."

ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை சிக்னல் வாசலிலிருந்து தெரியும். போய்ச் சேரவும் சிவப்பு விழுந்தது. ஸ்பேனரும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி நின்றது. அவள் இரண்டு காலும் தரையில். பின்னால் அவர் நெட்டையாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பச்சை விழுந்ததும் இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஸ்பேனர் மிஷின்களை எடுத்து வைத்தான். நான் உள்ளே போய் அவருடைய படுக்கை விரிப்பை மாற்றினேன். வெட்டு மேசைக்கு அடியில் கிடந்த பஞ்சுத் துகள்களைப் பெருக்கி அள்ளினேன். எட்டே காலுக்குப் பட்டன் போன் செய்தாள். ஊசி ஏற்றிவிட்டார்கள், அவர் தூங்குகிறார், இரண்டு பேன்ட் பாக்கி இருக்கிறது, யாராவது வந்தால் மதியத்துக்கு மேல் வரச்சொல்லுங்கள் என்றாள்.